மூணு குடும்பமா வால்பாறை போறீங்களா? கார கீழயே விட்டுட்டு பொள்ளாச்சில வேன் எடுங்க

நேரா விஷயத்துக்கு வரேன். ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்து, குழந்தைங்க பெரியவங்க எல்லாரையும் கூட்டிட்டு வால்பாறை போறதா இருந்தா ஆளுக்கொரு கார மேல ஏத்தாதீங்க, பொள்ளாச்சிலயே 14 சீட் டிராவலர் வேன் மலை ரோட்ல ஓட்டி பழகின டிரைவரோட வாடகைக்கு கிடைக்குது, அத எடுங்க. இந்த மே மாசம் நாங்க எடுத்தோம். வண்டி சுமார், ஓனர் பரவால்ல, டிரைவர் தங்கம். ஓனர் கடை பேரு இங்க போடல, குறையும் சொல்லப்போறேன் அதனால. ஆனா இந்த மாதிரி வண்டி பொள்ளாச்சி ஸ்டாண்ட் பக்கம் விசாரிச்சா நாலு பேர் கிட்டயாவது இருக்கும், என்ன கேட்டு எடுக்கணும்னு தெரிஞ்சுக்க இத படிங்க.

நாங்க மூணு பேரும் காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ரூம், இப்ப ஒருத்தி சென்னை, ஒருத்தி திருப்பூர், நான் திருச்சி. மூணு வீடும் சேர்த்து பெரியவங்க ஆறு பேரு, வாண்டுங்க அஞ்சு, என் மாமியார் ஒருத்தங்க. வருஷா வருஷம் லீவுல எங்கயாவது சேர்ந்து போறது வழக்கம், மூணு காரா போனா என்ன ஆகும்னா ஒரு கார் முன்னாடி போயிரும், ஒரு கார் டீ குடிக்க நிக்கும், மூணாவது கார்ல ஒரு குழந்தை வாந்தி எடுத்திருக்கும், போன் அடிச்சு அடிச்சு எங்க இருக்கீங்க எங்க இருக்கீங்கன்னு கேக்குறதுலயே ரோடு முடிஞ்சுரும். அதுவுமில்லாம ஆம்பளைங்க மூணு பேரும் ஸ்டியரிங்க புடிச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு வருவாங்க, மலைய பாக்கவே மாட்டாங்க. இந்த தடவ என் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரம் உக்காந்து ஆழியார் டேம மேல இருந்து பாத்துட்டு, இங்க நான் ஏற்கனவே வந்திருக்கேன், ஆனா இத பாத்ததே இல்லன்னாரு. எனக்கு குடுத்த வேன் காசு அங்கயே வசூலாயிருச்சு.

வாடகை கணக்கு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் அதுலதான் ஏமாந்து போறாங்க. வெளியூர் டிரிப்புக்கு இவங்க சொல்ற வழக்கமான கணக்கு கிலோமீட்டருக்கு இருபத்து சொச்சம் ரூபா, ஒரு நாளைக்கு குறைஞ்சது 250 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா (சாப்பாட்டுக்கும் செலவுக்கும் நாள்படி குடுக்குற காசு) தனி. இந்த கணக்கு சமவெளில ஊர் ஊரா சுத்துறவங்களுக்கு ஓகே. வால்பாறைக்கு ஆகாது. பொள்ளாச்சில இருந்து வால்பாறை மொத்தமே 64 கிலோமீட்டர்தான், மேல போயிட்டா ஒரு நாள் பூரா சுத்தினாலும் அம்பது அறுபது தாண்டாது, அப்புறம் எதுக்கு 250க்கு காசு குடுக்கணும். அதனால நாள் வாடகை தனி, டீசல் நம்ம போட்டுக்கறோம்னு பேசுங்க. முதல்ல முடியாதும்பாங்க, உள்ளூர் ஓனரா இருந்தா கொஞ்ச நேரத்துல ஒத்துக்குவாங்க, எங்க ஓனரும் அப்படித்தான் ஒத்துக்கிட்டாரு. எங்க ரெண்டு காரையும் அவர் ஷெட்லயே நிழல்ல விட்டுக்க சொன்னாரு, அதுக்கு தனியா காசு வாங்கல, இது பெரிய உதவி. சென்னைக்காரி குடும்பம் ரயில்ல கோயம்புத்தூர் வந்து அங்க இருந்து பஸ்ல வந்துட்டாங்க.

வண்டி ஏறுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது, மஞ்ச போர்டா (வாடகை வண்டி நம்பர் பிளேட்), எஃப்சி, அதாவது வண்டி தகுதி சான்றிதழ், தேதி இருக்கா, டயர்ல பட்டன் தேயாம இருக்கா, ஸ்டெப்னி காத்தோட இருக்கா. இதெல்லாம் கேட்டா ஓனர் கோவிச்சுக்குவாரோன்னு யோசிக்காதீங்க, நல்ல ஓனர் அவரே எடுத்து காட்டுவாரு.

இப்ப டிரைவர் அண்ணனுக்கு வரேன். அம்பது வயசு இருக்கும், எஸ்டேட்ல பொறந்து வளந்தவரு, அப்பா அம்மா ரெண்டு பேரும் கொழுந்து பறிச்சவங்களாம். ஆழியார் செக்போஸ்ட் தாண்டினதும் வண்டிய ஓரம் கட்டிட்டு திரும்பி பாத்து, "இனி நாப்பது வளைவு இருக்குதுங்க, யாரும் போன் பாக்காதீங்க, குழந்தைங்கள நடு சீட்டுக்கு மாத்துங்க, ஏசிய நிறுத்தறேன் ஜன்னல தொறந்துக்கங்க"ன்னாரு. கீழ பொள்ளாச்சில வெயில் மண்டைய பொளக்குது, ஏசிய நிறுத்தறாரேன்னு பசங்களுக்கு ஒரே முனகல். ஆனா அது சரிதான். ஏத்தத்துல ஏசி போட்டா இன்ஜினுக்கு இழுவை குறையும், அத விட முக்கியம் அடைச்சு கெடக்குற வண்டிக்குள்ளதான் வாந்தி சீக்கிரம் வரும். காத்து மூஞ்சில பட்டுட்டே போனா பாதி பேருக்கு ஒண்ணும் ஆகாது. நாங்க அவோமின் (வாந்தி மாத்திரை) போட வேண்டியவங்களுக்கு ஆழியாருக்கு முன்னாடியே போட்டுட்டோம், வளைவு ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. வழக்கமா குன்னூர் ரோட்ல மூணு தடவ வாந்தி எடுக்குற திருப்பூர்க்காரி பையன் இந்த தடவ எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே ஒரு தடவ கூட எடுக்காம வந்துட்டான், அவன் அம்மாவால நம்பவே முடியல.

அவர் ஓட்டுறத பக்கத்துல உக்காந்து பாக்கணும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னாடியே கியர குறைச்சுடறாரு, வளைவுக்குள்ள போய் கியர் மாத்துறதே இல்ல. வளைவுக்கு முன்னாடி ஒரு ஹாரன், அப்புறம் ஒரு செகண்ட் காது குடுத்து கேக்குறாரு, எதிர் ஹாரன் வருதான்னு. மேல ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும்னு ஒரு விதி இருக்கு, சமவெளில இருந்து வர்ற நிறைய பேருக்கு அது தெரியாது, வளைவுல எதிர்ல வந்து மூக்கோட மூக்கு இடிக்கிற மாதிரி நிப்பாங்க. அப்படி ஒரு கார் நின்னப்ப இவரு திட்டல, கை காட்டி மெதுவா பின்னாடி எடுக்க வச்சு, அந்த காரோட பின் சக்கரம் ஓரக்கல்லுக்கு எவ்ளோ தூரத்துல இருக்குன்னு இறங்கி பாத்து சொல்லி அனுப்பிச்சாரு. அந்த கார்ல இருந்த அம்மா கும்பிட்டாங்க.

ஒம்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட். ஆழியார் டேம் முழுசும் கீழ விரிஞ்சு கெடக்கும், சுத்தி தென்னந்தோப்பு, அதுக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி சமவெளி வெயில்ல புகை மாதிரி. வரையாடு இந்த இடத்துலதான் அதிகமா நிக்கும், எங்களுக்கும் அதிர்ஷ்டம், ஒரு பெரிய கிடா, முதுகுல வெள்ளை பூசின மாதிரி இருந்துச்சு, தடுப்பு சுவர் மேல நாலு காலையும் ஒண்ணா குவிச்சு நின்னு கீழ பாத்துட்டு இருந்துச்சு. அந்தப் பக்கம் பாத்தா பாதாளம். நம்ம மாநில விலங்குன்னு புத்தகத்துல படிச்ச பசங்க அத இவ்ளோ பக்கத்துல பாத்ததும் வாய தொறந்துட்டாங்க. வேற ஒரு வண்டிக்காரங்க வாழைப்பழத்த நீட்டுனாங்க, எங்க டிரைவர் அண்ணன் ஓடிப்போய், "வேண்டாம் சார், பழகிருச்சுன்னா ரோட்டுக்கு வரும், வண்டில அடிபடும்"னு தடுத்தாரு. அவங்களும் கேட்டுக்கிட்டாங்க. வாடகைல இதெல்லாம் சேராது, ஆனா நான் இதுக்கும் சேத்துதான் மார்க் போடறேன்.

அட்டகட்டி தாண்டுனா காத்து மாறும். அதுவரைக்கும் காடு, அப்புறம் வாட்டர்பால்ஸ் எஸ்டேட்ல இருந்து டீ தோட்டம் ஆரம்பிச்சுரும், கவர்க்கல்ல பட்டப்பகல்ல மஞ்ச லைட்ட போட்டுக்கிட்டு போனோம், அவ்ளோ மூடுபனி. மே மாசம்! மாமியார் புடவை தலைப்ப எடுத்து தலைல போட்டுக்கிட்டு ஒரே சிரிப்பு. வால்பாறை டவுனுக்கு கொஞ்சம் முன்னாடி புதுத்தோட்டம்னு ஒரு இடம், அங்க சிங்கவால் குரங்கு கூட்டம் இருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் காட்டுல இது கிடையாது. ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பாலம் மாதிரி கட்டி விட்டிருக்காங்க, குரங்குங்க கீழ இறங்காம அதுல தாண்டிப் போகும். டிரைவர் அண்ணன் வண்டிய பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு கொண்டாந்துட்டாரு, தாய் ஒண்ணு குட்டிய வயித்துல தொங்க விட்டுக்கிட்டு எங்க தலைக்கு மேல அந்த பாலத்துல போச்சு, முகத்த சுத்தி நரைச்ச பிடரி. வண்டிக்குள்ள அஞ்சு குழந்தைங்க இருந்தும் சத்தமே இல்ல.

தங்குனது ஒரு எஸ்டேட் பக்கத்து காட்டேஜ், அத பத்தி தனியா எழுதணும், நல்ல இடம், சமையல்காரம்மா வச்ச மிளகு போட்ட நாட்டுக்கோழி குழம்பு இன்னும் நாக்குல இருக்கு. இங்க ஒரு விஷயம் மட்டும் அழுத்தி சொல்லணும். ரூம் புக் பண்ணும்போது டிரைவர் எங்க படுப்பாருன்னு கேளுங்க. மலை ஊர்ல நிறைய தங்கும் இடத்துல டிரைவருக்கு இடமே கிடையாது, வண்டிக்குள்ளயே குளிர்ல சுருண்டு படுத்துக்குவாங்க, காலைல அதே ஆளு நம்ம குழந்தைங்கள ஏத்திக்கிட்டு வளைவுல வண்டி ஓட்டணும். நாங்க முன்கூட்டியே கேட்டு ஒரு சின்ன ரூம், ரெண்டு கம்பளி, வெந்நீர் எல்லாம் சொல்லி வச்சுட்டோம், சாப்பாடும் எங்க கூட ஒரே மேசைலதான். அவர் கூச்சப்பட்டாரு, என் மாமியார் "எங்க பிள்ளைங்க உசுரு உங்க கைல இருக்கு, உக்காருப்பா"ன்னு உக்கார வச்சாங்க. டிரைவர் தூங்குனாத்தான் பிரேக் ஒழுங்கா வேல செய்யும்னு வச்சுக்கங்க. பேட்டாவ விட இது முக்கியம்.

மேல சுத்துனது ரொம்ப நிதானமா. லிஸ்ட் போட்டு ஓடல, காலைல லேட்டா எழுந்து இட்லி சாப்ட்டு, ஒரு இடம், திரும்ப வந்து சாப்பாடு, மத்தியானம் தூக்கம், அவ்ளோதான். உள்ளூர் டிரைவர் இருந்தா இதுதான் லாபம், எந்த நேரத்துக்கு எங்க கூட்டம் இருக்காதுன்னு அவங்களுக்கு தெரியும். கூழாங்கல் ஆத்துக்கு எங்கள காலைலயே கூட்டிட்டு போயிட்டாரு, முழங்கால் அளவு தண்ணி, உருண்டை உருண்டையா கல்லு, பசங்க மணிக்கணக்கா கல்ல அடுக்குனாங்க, பெரியவங்க நாங்க தண்ணில கால விட்டுக்கிட்டு பழைய ஹாஸ்டல் கதை பேசிட்டு இருந்தோம். வேற ஒரு இடத்துல ஆறு பாக்க அழகா இருந்துச்சு, ஆம்பளைங்க இறங்கி குளிக்கலாமான்னு கேட்டதும் இவரு முகமே மாறிருச்சு. 2023ல கோயம்புத்தூர்ல இருந்து வந்த அஞ்சு காலேஜ் பசங்க சோலையார் எஸ்டேட் பக்கம் ஆத்துல முங்கி செத்துப் போனாங்க, பேப்பர்ல நாங்களும் படிச்சதுதான். "மேல பாத்தா தண்ணி ஆடாம நிக்கும், அடில பாறைக்கு நடுவுல குழி இருக்கும்ங்க"ன்னாரு. ஒருத்தரும் இறங்கல. தெரியாத ஊர்ல நம்மள தடுக்க ஒரு ஆள் கூட இருக்குறது எவ்ளோ பெரிய விஷயம்.

சோலையார் டேம் ரோட்ல நின்னு பாத்தோம், 345 அடி உயரமாம், இங்க தேங்குற தண்ணிதான் சுரங்கம் வழியா பரம்பிக்குளம் போய் அப்புறம் கீழ பொள்ளாச்சி, உடுமலை வயலுக்கெல்லாம் பாயுதுன்னு என் வீட்டுக்காரர் பசங்களுக்கு கிளாஸ் எடுத்தாரு. நல்லமுடி பூஞ்சோலை வியூ பாயிண்ட் தான் எனக்கு பிடிச்சது. டீ தோட்டத்து நடுவுல கொஞ்சம் நடக்கணும், முனைல போய் நின்னா கீழ கேரளா பள்ளத்தாக்கு, எதிர்ல மலை மேல மலை. மாமியாரால நடக்க முடியாதுன்னு டிரைவர் அண்ணன் அவங்க கூட வண்டிலயே உக்காந்து பேசிட்டு இருந்தாரு, திரும்பி வந்தா ரெண்டு பேரும் சேந்து மாங்கா தின்னுட்டு இருக்காங்க.

சாயங்காலம் ஆறுக்கு மேல வெளிய விடமாட்டாரு, அதுல அவர் கறார். சிறுத்தை இங்க நிஜமாவே பிரச்சனை, எஸ்டேட் லைன் வீட்டு (தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீடு) வாசல்ல விளையாடிட்டு இருந்த குழந்தைங்கள தூக்கிட்டு போயிருக்கு. வீட்டு வாசல்லயே தனியா விடாதீங்க, பாத்ரூம் வெளிய இருந்தா பெரியவங்க கூட போங்க. யானையும் அப்படித்தான். ஆனா யானைக்கு வால்பாறைல ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு, பக்கத்துல யானை நின்னா ரோட்டோர கம்பத்துல சிவப்பு லைட் விட்டு விட்டு எரியும், ஊர்க்காரங்க போனுக்கு மெசேஜ் போகும். 2011ல இருந்து இது நடக்குதாம். ஒரு நாள் டவுன்ல இருந்து திரும்பி வரும்போது லைட் எரிஞ்சுது, இவரு ஒரு வார்த்த பேசாம வண்டிய டீக்கடைக்கு திருப்பிட்டாரு, அங்க அரை மணி நேரம் உக்காந்துட்டு லைட் நின்னப்புறம்தான் கிளம்பினோம். வெளியூர் டிரைவரா இருந்தா அந்த லைட் என்னன்னே தெரிஞ்சிருக்காது.

இறங்குறதுதான் நிஜ பரீட்சை. எந்த கியர்ல ஏறுனமோ அதே கியர்ல இறங்கணும்னு சொல்வாங்க, இவரு அத அட்சரம் பிசகாம செஞ்சாரு, பெரும்பாலும் ரெண்டாவது கியர், இன்ஜின் சத்தம் உறுமிட்டே இருக்கும், பிரேக்க தொட்டு தொட்டு எடுத்தாரே தவிர அமுக்கி வைக்கல. நடுவுல ஒரு இடத்துல நிறுத்தி, நாலு சக்கரத்துக்கிட்டயும் புறங்கைய கொண்டு போய் சூடு பாத்தாரு, தொடல, கிட்ட வச்சு பாக்குறதுதான். அங்க எங்களுக்கு முன்னாடியே ஒரு கார் நின்னுட்டு இருந்துச்சு, முன் சக்கரத்துல இருந்து புகை, ரப்பர் கருகுற மாதிரி ஒரு நாத்தம், அந்த தம்பி பாட்டில் தண்ணிய ஊத்தப் போனாரு. இவரு சத்தம் போட்டு நிறுத்தினாரு, சூட்டுல பச்சத்தண்ணி பட்டா டிஸ்க் விரிசல் விட்டுரும், அரை மணி நேரம் சும்மா நிறுத்துங்க, தானா ஆறட்டும், அப்புறம் ரெண்டாவது கியர்லயே வாங்கன்னு சொல்லி, எங்கள கேட்டுட்டு, அவங்க கிளம்புற வரைக்கும் நாங்களும் நின்னு, முன்னாடி எங்க வண்டிய விட்டு பின்னாடியே அவங்கள கூட்டிட்டு வந்து ஆழியார்ல விட்டாரு. அவங்களுக்கும் சேத்து அங்க மீன் வறுவல் வாங்குனோம், ஆழியார் டேம் மீன், மசாலா தடவி சூடா, இத சாப்பிடாம அந்த ரோட்ட தாண்டாதீங்க. அங்க இருந்து மாமியார் ஆசைக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கும் ஒரு சுத்து சுத்தி கூட்டிட்டு போனாரு, அதுக்கு மூஞ்ச சுளிக்கல, காசும் கேக்கல.

குறைன்னு பாத்தா, கடைசி சீட். பின் சக்கரத்துக்கு பின்னாடி வரும், ஒவ்வொரு வளைவுக்கும் அப்படியே வீசும், முதுகு வலி இருக்குறவங்க அங்க உக்காரவே கூடாது. நாங்க பையெல்லாம் கடைசி சீட்ல பாதி, மேல கேரியர்ல பாதின்னு போட்டோம். கேரியருக்கு ஓனர் குடுத்த தார்ப்பாய் ஓட்டை, கோடை மழை ஒரு மணி நேரம்தான் பெஞ்சுது, ரெண்டு பைல இருந்த துணி மொத்தமும் ஈரம், காயவும் இல்ல அந்த குளிர்ல. ஏறும்போதே தார்ப்பாய விரிச்சு காட்ட சொல்லுங்க. அப்புறம் கடைசில பில்லுல மலை சார்ஜுன்னு ஒண்ணு சேத்திருந்தாரு, பேசும்போது சொல்லவே இல்ல. கேட்டதுக்கு எல்லாரும் வாங்குறதுதான்னாரு, சண்டை போட்டு பாதிதான் குறைஞ்சுது. இந்த காசுல டிரைவருக்கு ஒரு ரூபா கூட போகாதுன்னு அப்புறமா தெரிஞ்சுது, அதுதான் எனக்கு வருத்தம். பேட்டா போக தனியா நாங்க கைல குடுத்துட்டு வந்தோம், நீங்களும் குடுங்க.

இன்னும் ரெண்டு மூணு தகவல். 2025 நவம்பர்ல இருந்து வால்பாறைக்கும் இ-பாஸ் எடுக்கணும், காசு கிடையாது, ஆனா வண்டி நம்பர் போட்டுத்தான் எடுக்கணும். அதனால ஓனர் கிட்ட முன்கூட்டியே நம்பர் வாங்கிக்கங்க, கடைசி நேரத்துல வேற வண்டி அனுப்பினா ஆழியார் செக்போஸ்ட்ல நிக்க வேண்டி வரும். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் செக்போஸ்ட்லயே எடுத்துருவாங்க, எவர்சில்வர் பாட்டில், வாந்திக்கு பேப்பர் கவர் எடுத்துக்கங்க. ஏப்ரல், மே நல்ல மாசம், ஆனா குரங்கு அருவில தண்ணி நூலு மாதிரிதான் இருக்கும், அத நம்பி டவல் எடுத்துட்டு போகாதீங்க. ஜூன்ல மழை புடிச்சுட்டா வேற ஊரு, சின்னக்கல்லார் பக்கமெல்லாம் தமிழ்நாட்டுலயே அதிகம் மழை கொட்டுற இடம், சின்ன குழந்தைங்களோட அப்ப போகாதீங்க.

திரும்பும்போது மளுக்கப்பாறை, வாழச்சால் வழியா அதிரப்பள்ளி போய் சாலக்குடில இறங்கலாமான்னு எங்களுக்கும் ஆசை இருந்துச்சு, காட்டு ரோடு, ரொம்ப அழகுன்னு சொல்றாங்க. ஆனா தமிழ்நாடு வண்டி கேரளா போக பர்மிட், டாக்ஸ் தனியா கட்டணும், செக்போஸ்ட்ல நேர கட்டுப்பாடு வேற, சாயங்காலத்துக்கு மேல உள்ள விடமாட்டாங்க, மாமியார் முதுக நினைச்சு நாங்க விட்டுட்டோம். நீங்க போறதா இருந்தா வண்டி புக் பண்ணும்போதே ஓனர் கிட்ட சொல்லி பர்மிட் போட வச்சுருங்க, மேல போனப்புறம் கேட்டா நடக்காது.